நோர்பரி வீட்டில் ஒரு பாலைவனத் தேள்

பூச்சி ஒழிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. என்றாலும் என் கைத்தொலைபேசிக்குள் பூச்சி புழு வந்து விழுவது நின்றபாடில்லை. முந்தியெல்லாம் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று உள்ளூர்ப் படங்கள்தான் வரும். குசினி மூலையில் கரப்பொத்தான், மெத்தைத் தையலில் மூட்டைப்பூச்சி. இப்போது எங்கட சனத்தில் கொஞ்சப் பேர் லண்டன் குளிரும் வரியும் போதுமென்று வளைகுடாப் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போகிறார்கள். போய் இறங்கி ஒரு மாதத்தில் படம் வந்துவிடும். "அண்ணை, இது தேளோ? கொட்டினால் ஆபத்தோ?"

தேள்தான். படத்தைப் பார்த்தவுடனே தெரியும். ஆனால் எனக்குப் பயம் தேளைப் பற்றியல்ல. அளவு தெரியட்டும் என்று அந்த மனிசன் தன் விரலை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருப்பார். என்னத்தைச் சொல்ல?

சொல்லிச் சொல்லி வாய் நொந்துவிட்டது. தேள் உங்களைத் தேடி வருவதில்லை, நீங்கள் வாசலில் எரியவிடும் விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சியைத் தின்னத் தேள் வருகிறது. கதவுக்குக் கீழே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் தேளும் நுழையும். சுவரோடு சாய்த்து விறகும் கல்லும் அடுக்காதீர்கள். முன்பக்கத்துக் கவ்வுகொடுக்கு மெலிந்து வால் தடித்திருந்தால் அதனோடு விளையாட வேண்டாம். குளிரூட்டிப் பெட்டிக்குப் பின்னால் செங்குளவி கூடு கட்டினால் தண்ணீர்க் குழாயைத் திருப்பாமல் ஆளைக் கூப்பிடுங்கள். இவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்பார்கள். அடுத்த கிழமை இன்னொரு படம் வரும். அதிலும் விரல் இருக்கும்.

என்னுடைய பழைய கம்பனியில் இப்போதும் வேலை செய்யும் நம்மவர் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். பாலைவனத்துப் பூச்சிகள் பெட்டிகளோடு லண்டனுக்கும் வரத் தொடங்கிவிட்டனவாம், எனக்குத்தான் அனுபவம் உண்டாம், எழுதித் தர வேண்டுமாம். கூடவே தங்களுடைய புதிய செயலியையும் காட்டினார்கள். வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டம். எல்லாக் கட்டத்திலும் சரி போடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. பார்த்தீர்களா எவ்வளவு சுகம் என்று கேட்டார்கள். பார்த்தேன். பார்த்தவுடன் எனக்கு வந்த எரிச்சலுக்குக் காரணம் அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது ரியாத்தில். இருபத்திரண்டு வயதில் போனேன், பதினொரு வருஷம் இருந்தேன். முதல் ஆறு மாதம் மருந்து கலக்கினேன், அடுத்த ஆறு மாதம் ஏணி பிடித்தேன், பிறகு தனியாக அனுப்பினார்கள். பயிற்சி என்று அங்கே வேறெதுவும் இல்லை. மதில் கட்டிய குடியிருப்புகள், உள்ளே வெளிநாட்டுக்காரரின் பெரிய வீடுகள், வெளியே மணல். மணலுக்கு நடுவில் பச்சைப் புல் வளர்த்து ஒரு நாளைக்கு இரண்டு தரம் தண்ணீர் விடுவார்கள். பாலைவனத்தில் உள்ள அத்தனை சீவராசியும் அந்த ஈரத்துக்கு வந்து சேரும். பிறகு எங்களைக் கூப்பிட்டு, ஏன் வருகிறது என்று கேட்பார்கள்.

அங்கே ஒரு பொறியியலாளரின் மனைவி. குளியலறையில் தேள் என்று அலறியடித்துக் கூப்பிட்டார். போனேன், நீட்டு இடுக்கியால் பிடித்தேன், போத்தலில் போட்டேன். சின்ன மஞ்சள் தேள். திரும்பி வருகையில் புல் விளிம்பில், நடைகற்களின் வெடிப்புக்குள்ளே மெலிந்த கறுப்பு எறும்புகள் போய் வருவதைக் கண்டேன். அந்த நாட்டு எறும்பு. கொட்டும். பலருக்கு வெறும் வீக்கத்தோடு போய்விடும், சிலருக்குத் தொண்டை அடைத்துவிடும். "அம்மா, தேளை விடுங்கள், இதற்குத்தான் முதலில் மருந்து வைக்க வேண்டும்" என்றேன். அவர் சிரித்தார். எறும்பா என்று கேட்டார். கணவரைக் கூப்பிட்டு, இந்தப் பொடியன் எறும்புக்குப் பயப்படுகிறான் என்று சொல்லி மறுபடியும் சிரித்தார்.

பத்து நாள் கழித்து அவர் வெறுங்காலோடு புல்லில் நடந்து, கணுக்காலில் கொட்டு வாங்கி, மூச்சு விட முடியாமல் திணற, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டார். எனக்கு அன்று வந்த கோபம் சொல்லி முடியாது. வேலை தெரிந்தவன் சொல்வதை ஏன் காதில் வாங்குகிறார்கள் இல்லை என்று பல வருஷம் இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். லண்டனுக்கு வந்த பிறகும் சொன்னேன். அந்தக் கதையில் நான்தான் கெட்டிக்காரன், அதனால் சொல்ல நன்றாக இருந்தது.

லண்டனில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் பெவர்லி. கட்டையான, நரைத்த வெள்ளைக்காரப் பெண். பூச்சி வேலையில் என்னைவிட அனுபவம் கூடியவர். குரலை உயர்த்த மாட்டார். யாரையும் திட்டியதை நான் கேட்டதில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையை உங்களுக்கே சத்தமாக வாசித்துக் காட்டுவார். அவ்வளவுதான் தண்டனை. ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல், வானொலியில் செய்தி வாசிப்பதுபோல வாசிப்பார். நீங்கள் எழுதிய முட்டாள்தனம் மூன்றாவது வரியிலேயே உங்கள் காதில் கேட்கத் தொடங்கும். பிறகு நான்கு கேள்வி: எங்கே, எவ்வளவு உயரத்தில், யார் கண்டது, போத்தலில் இருக்கிறதா. போத்தலில் இல்லாத பூச்சி உலகத்திலேயே இல்லை என்பது அவருடைய சட்டம். அவருடைய யன்னல் விளிம்பில் அப்படிப் போத்தல்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் இடமும் திகதியும் எழுதிய துண்டுக் கடதாசி ஒட்டியிருக்கும்.

அந்தச் சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் எங்கட சனத்தின் வீடுகளுக்கு அது சரிவராது. வெள்ளைக்காரன் வீட்டுக்குப் போனால் பூச்சி இருக்கும், எச்சம் இருக்கும், செத்தது நாலு கிடக்கும். எங்கட வீட்டுக்குப் போனால் ஒன்றும் இருக்காது. பெஸ்ட் கொன்ட்ரோல்காரன் வருகிறான் என்று முதல் நாளே வீட்டைக் கழுவித் துடைத்து, டெட்டோல் விட்டு, சாம்பிராணி போட்டு வைத்திருப்பார்கள். பூச்சியை அடித்துக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, என்ன பூச்சி என்று கேட்டால், "சின்னனாய் ஒண்டு, அவ்வளவு இல்லைத் தம்பி" என்பார்கள். வைத்தியர் வருகிறார் என்று காய்ச்சலை ஒளித்து வைக்கிற சனம்.

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தபோது, ஒரு செப்டெம்பர் மாதத்தில், தெற்கு லண்டனில், நோர்பரியில் ஒரு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். தமிழ்ப் பெயர் என்பதால் என்னை அனுப்பினார்கள். போகிற வழியிலேயே தொலைபேசி வந்தது. வயதான ஒரு பெண் குரல். "தம்பி, வானைக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்கோ. பக்கத்து வீட்டுக்காரர் பாத்தால் என்னத்தை நினைப்பினம்?" என் வான் வண்டியில் கம்பனி பெயருக்குப் பக்கத்தில் பெரிய எலிப் படம் இருந்தது. சரியென்று இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, கைக்கு அகப்பட்ட சாமான்களோடு நடந்து போனேன்.

கதவைத் திறந்தது கௌரி. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். நாலு வயதுப் பெண் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். நான் அங்கே நின்ற ஒன்றரை மணித்தியாலமும் அந்தப் பிள்ளையை அவள் நிலத்தில் விடவில்லை. பின்னால் நின்றவர் அவளுடைய மாமியார், எனக்குத் தொலைபேசி எடுத்தவர். கணவர் மின்சார வேலைக்காரர், சவூதியில் ஒரு கட்டட வேலையில் இருக்கிறார், மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார்.

கதவுக்குள் கால் வைத்தவுடன் சப்பாத்துக் குவியல். ஹீட்டருக்குக் கீழே முப்பது சோடிக்குக் குறையாது. குளிர்கால பூட்ஸ், செருப்பு, பிள்ளையின் சிவப்பு மழைச் சப்பாத்து, யாரோ விருந்தாளி விட்டுப்போனது. மேலே சுவரில் சாமிப் படம், விளக்கு. வேலை நேரத்தில் பூட்ஸ் கழற்றக்கூடாது என்பது கம்பனிச் சட்டம். ஆனால் எங்கட வீட்டுக்குள் எப்படிச் சப்பாத்தோடு போவது? கழற்றி அந்தக் குவியலோடு வைத்துவிட்டு உள்ளே போனேன்.

கௌரி நடந்ததைச் சொன்னாள். மூன்று கிழமைக்கு முந்தி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தக் கொரிடோரில் நின்றிருக்கிறாள். குதிக்காலில் நெருப்பு வைத்ததுபோல ஒரு வலி. கறுப்பாக ஒன்று ஓடியதைக் கண்டிருக்கிறாள். வால் நிமிர்ந்திருந்ததாம். பிறகு நாக்கு மரத்து, வேர்த்து, கால் தன்பாட்டில் துள்ளியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்திருந்து, குளவியாக இருக்கும், பயத்தில் வந்த நடுக்கம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணை, குளவிக்கு வால் நிமிருமோ? எனக்குக் கண் தெரியாதோ? நான் கண்டனான்."

"இதைத்தான் மூண்டு கிழமையாச் சொல்லிக்கொண்டு திரியிறா" என்றார் மாமி. "லண்டனிலை தேளாம். மகன் ரெலிபோனிலை சிரிக்கிறான்."

நானும் அரைவாசி சிரித்தேன். லண்டன் தோட்டங்களில் ஒரு கறுப்பு வண்டு உண்டு. வெருட்டினால் தேள் மாதிரியே பின்பக்கத்தை வளைத்துத் தூக்கிக் காட்டும். அதைத் தேள் என்று சொல்லி வந்த அழைப்புகள் என் காலத்தில் எத்தனையோ. அதைத்தான் கண்டிருப்பாள், வலி வேறு எதனாலோ என்று அந்த நிமிஷமே எனக்குள் முடிவாகிவிட்டது. பிறகு செய்ததெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி தேடுகிற வேலை.

ஆனாலும் தேடினேன். குசினி, அலுமாரி, படுக்கை அறை, படிக்கட்டுக் கார்ப்பெட் எல்லாம் டோர்ச் அடித்துப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து கடைசியாக வந்த பெட்டியைக் காட்டச் சொன்னேன். மாமி பெருமையோடு காட்டினார். மகன் வந்து போனதும் தானே கழுவித் துடைத்துப் பொலித்தீன் சுற்றி வைத்ததாம். கண்ணாடி மாதிரி இருந்தது. புற ஊதாக் கதிர் டோர்ச்சை எடுத்து அடித்துப் பார்த்திருக்க வேண்டும். தேள் அந்த வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும், இருட்டில் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். டோர்ச் வானில் இருந்தது. வான் இரண்டு தெரு தள்ளி நின்றது. வெளியே நல்ல வெயில். இதற்காகப் போய் எடுத்து வந்து, திரைச்சீலை எல்லாம் இழுத்து மூடி, யார் மெனக்கெடுவது?

கடைசியாக வாசலடிக்கு வந்தேன். சப்பாத்துக் குவியலைக் கிளறக் குனிந்தேன். மாமி பதறிப்போனார்.

"ஐயோ தம்பி! என்ன வேலை பாக்கிறீங்கள்? வயசிலை பெரிய மனிசன் எங்கட செருப்பைத் தொடுறதோ? பாவம் பிடிக்கும். விடுங்கோ, நான் நேற்றுத்தான் எல்லாம் அடுக்கினனான்."

நான் கையை எடுத்தேன். ஒரு வெள்ளைக்காரப் பொடியன் போயிருந்தால், "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லிவிட்டு அவ்வளவையும் காலால் தட்டிக் கொட்டியிருப்பான். எனக்கு முடியவில்லை. மற்றவரின் செருப்பைத் தொடுவது எங்களுக்கு என்ன என்று அந்த அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் எனக்கு மரியாதை செய்தார், நான் அவருக்கு மரியாதை செய்தேன். ஒட்டும் பொறி அட்டை ஒன்றையாவது வாசலில் வைப்போம் என்றேன். அதற்கும் விடவில்லை, வருகிற சனம் பார்க்குமாம். அதைக் கொண்டுபோய்ப் பின் தோட்டக் கதவடியில் வைத்தேன்.

பிறகு குசினி மேசையடியில் உட்கார்ந்து, மாமி தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு படிவம் நிரப்பினேன். எல்லாப் பகுதிகளும் பார்வையிடப்பட்டன: சரி. கொட்டும் பூச்சிகளுக்கான அடையாளம் எதுவும் இல்லை: சரி. கையெழுத்து. ஒரு பிரதியை மாமியிடம் கொடுத்தேன்.

"லண்டனிலை தேள் இல்லைப் பிள்ளை, பயப்பிடாதை" என்று கௌரிக்குச் சொன்னேன். அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

மறுநாள் பெவர்லி என் அறிக்கையை வாசித்தார். "எல்லாப் பகுதிகளும் பார்வையிடப்பட்டன" என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "எல்லாமா?" என்று கேட்டார். கள்ளனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். ஆம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கடதாசியை எடுத்தார்.

மூன்று மாதம் போனது. அந்த வீட்டை நான் மறந்தே போனேன். டிசெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கௌரி தொலைபேசி எடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அண்ணை, நீங்கள் எழுதின கடதாசி மாமியிட்டை இருக்கு. அவ அதை இவருக்குப் படமெடுத்து அனுப்பினவ. டொக்டரிட்டையும் கொண்டுபோய்க் காட்டினவ. டொக்டர் எனக்கு மனசுக்கு எண்டு குளிசை தந்திருக்கிறார். நான் பிள்ளையை நிலத்திலை விடுறேல்லை, கட்டிலைச் சுவரிலையிருந்து இழுத்துப் போட்டிருக்கிறன், கால் நாலையும் தண்ணி வாளிக்குள்ளை வைச்சிருக்கிறன். நேர்சரியிலை பிள்ளை இதைச் சொல்லிப்போட்டுது. இப்ப சோஷல் வேர்க்கர் வந்து போறா. திங்கட்கிழமை கூட்டம். நான் பிள்ளையைப் பாக்க ஏலுமான ஆளோ எண்டு கதைக்கப் போகினம்."

அவள் தொடர்ந்தாள்.

"அவையிட்டையும் உங்கட கடதாசிதான் இருக்கு. அதிலை எல்லா இடமும் பாத்தது எண்டு போட்டிருக்கு. உண்மையாய் எல்லா இடமும் பாத்தனீங்களோ அண்ணை?"

பெவர்லி கேட்ட அதே கேள்வி. "நான் இப்ப வாறன்" என்றேன்.

மூன்றே முக்காலுக்கு நோர்பரிக்குப் போய்ச் சேர்ந்தேன். டிசெம்பர் என்பதால் ஏற்கெனவே இருட்டத் தொடங்கியிருந்தது. வானை எலிப் படத்தோடு நேரே வாசலில் நிறுத்தினேன். புற ஊதாக் கதிர் டோர்ச், நீட்டு இடுக்கி, வழுவழுப்பான வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி, ஸ்பிரிட் விட்ட போத்தல். மாமி கதவைத் திறந்து வானைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். நான் பூட்ஸைக் கழற்றாமல் சாமிப் படத்துக்குக் கீழே நின்றேன்.

"தம்பி, சப்பாத்து..."

"இண்டைக்குக் கழட்ட ஏலாது அம்மா. மன்னிச்சுக் கொள்ளுங்கோ. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ரெண்டு பேரும் படியிலை ஏறி நில்லுங்கோ. லைற்றை நிப்பாட்டுங்கோ."

கௌரி தானே வந்து விளக்கை அணைத்தாள். சாமி விளக்கையும் அணைத்தாள். கதவுக் கண்ணாடியில் ஒரு குளியல் துவாயைத் தொங்கவிட்டு, தெருவெளிச்சத்தை மறைத்தேன்.

ரியாத்தில் நாங்கள் செய்கிற முறை இதுதான். கையால் கிளறக்கூடாது. இடுக்கியால் ஒவ்வொன்றாகக் குதியில் பிடித்துத் தூக்கி, வாளிக்கு மேலே கவிழ்த்து, மூன்று தரம் தட்டி, உள்ளே டோர்ச் அடித்து, பார்த்ததை மற்றப் பக்கம் வைக்க வேண்டும். வழுக்கும் பிளாஸ்டிக்கில் தேள் ஏறாது. அவசரப்படக்கூடாது. பார்த்த சோடியையும் பார்க்காத சோடியையும் கலக்கக்கூடாது. மாமியின் செருப்பு, ஒன்றுமில்லை. கௌரியின் பூட்ஸ், ஒன்றுமில்லை. பிள்ளையின் சிவப்பு மழைச் சப்பாத்தை மூன்று தரம் அல்ல, ஆறு தரம் தட்டினேன். அதற்குள்ளும் ஒன்றுமில்லை.

அதற்குப் பின்னால், ஹீட்டரோடு ஒட்டி, பெரிய வேலைப் பூட்ஸ் ஒரு சோடி. முன்பக்கம் இரும்பு வைத்தது. கயிற்று மடிப்பில் இன்னும் மண் இருந்தது, லண்டனில் இல்லாத நிறத்தில் மண்.

"இது ஆரின்ரை பூட்ஸ்?"

"என்ரை மனிசன்ரை" என்றாள் கௌரி இருட்டிலிருந்து. "ஓகஸ்ட்டிலை வரேக்கை பெட்டிக்குள்ளை போட்டுக் கொண்டந்தவர். வீட்டுக்குள்ளை சப்பாத்து வரக்கூடாது எண்டு மாமி அதை மட்டும் எடுத்து வாசலிலை வைச்சவ. போகேக்கை புதுசு வாங்கிக்கொண்டு போட்டார்."

பெட்டியைத்தான் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்தேன். பெட்டிக்குள் இருந்தது என் பூட்ஸுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

இடது பூட்ஸில் ஒன்றுமில்லை. வலதின் நாக்கை இடுக்கியால் விலக்கி டோர்ச் அடித்தேன். உள்ளே, விரல் வரும் இடத்தில், பச்சையாக ஒளிர்ந்தது. வாளிக்குள் தட்டினேன். விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வாலைத் தூக்கியது. விரல் நீளம். விளக்கைப் போட்டவுடன் பச்சை போய்க் கறுப்பாக நின்றது. மெல்லிய கவ்வுகொடுக்கு, தடித்த வால். ரியாத்தில் இதைக் கண்டால் எங்களில் மூத்தவர்களே இரண்டு அடி பின்னுக்குப் போவார்கள். கிட்டத்தட்ட நாலு மாதம் பட்டினி கிடந்தும் உயிரோடு இருந்தது, சிவப்பு மழைச் சப்பாத்துக்கு அரை அடி தள்ளி.

போத்தலில் போட்டு மூடிவிட்டு, பெவர்லிக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கே என்று கேட்டார். வாசல் சப்பாத்துக்குள் என்றேன். எவ்வளவு உயரத்தில் என்று கேட்டார். நிலத்தில் என்றேன். யார் கண்டது என்று கேட்டார்.

"இந்த வீட்டுப் பெண். நாலு மாதத்துக்கு முந்தி."

போத்தலில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பிறகு, புதிய அறிக்கை எழுது, முந்தியதைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் எழுதாதே, அதை அலுவலகத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார். அவரைப் பிழை சொல்ல மாட்டேன். அவருக்குக் கம்பனியைப் பார்க்கிற வேலை. ஆனால் திங்கட்கிழமைக்கு முந்தி அலுவலகம் திறக்காது. படியில் உட்கார்ந்து, முழங்காலில் கடதாசியை வைத்து எழுதினேன். செப்டெம்பரில் நான் வாசலில் இருந்த சப்பாத்துகளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் எல்லாப் பகுதியும் பார்த்ததாகச் சரி போட்டேன். இந்தப் பெண் சொன்ன இடத்தில், இவர் சொன்ன பூச்சி இருந்தது. எங்கே, எவ்வளவு உயரத்தில், யார் கண்டது, எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். போத்தலையும் கௌரியிடமே கொடுத்தேன். அலுவலகத்துக்குக் கொண்டுபோகாத ஒரே போத்தல் அதுதான். அதற்காக எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. வந்தது சரிதான்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்தப் போத்தலை மேசையில் வைத்தாளாம். விசாரணைக் கோப்பை மூடிவிட்டார்கள். குளிசையையும் டொக்டர் நிறுத்திவிட்டார். இதைப் பிறகு அவளே ஒரு வரியில் செய்தியாக அனுப்பினாள். இப்போது செயலி காட்டிய அந்த இரண்டு பேருக்கும் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: கட்டம் எத்தனை இருந்தாலும், சரி போடுவது விரல்தான். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுத ஒரு இடம் வையுங்கள் என்றேன். மென்பொருளில் அது முடியாதாம்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை வாசலில் நடந்ததை இன்னும் முழுக்கச் சொல்லவில்லை. நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். மாமி படியில் அப்படியே குந்திவிட்டார். கையில் பேரப்பிள்ளையின் சிவப்புச் சப்பாத்து. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழத் தொடங்கினார். அழுதுகொண்டே மருமகளைப் பார்த்து, உண்மையான மனக்குறையோடு கேட்டார்:

"என்ன பிள்ளை நீ, இப்பிடி ஒண்டு வீட்டுக்குள்ளை இருக்கெண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

கௌரி பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி நிலத்தில் விட்டாள். நான் அந்த வீட்டில் முதல் தரம் அதைப் பார்த்தேன். பிள்ளை வெறுங்காலோடு கொரிடோர் முழுக்க ஓடியது.

"சொன்னனான் மாமி" என்றாள்.

சொல்லும்போது அவள் மாமியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.